படத்தில் இல்லாத மழை

செய்மதிப் படம், அதாவது செயற்கைக்கோள் எடுத்த மேகப் படம் பார்த்து மழை சொல்லும் வேலைக்கு ஜீவராணி ஆசைப்பட்டுப் போனவள் இல்லை. பூண்டுலோயாவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில், கண்ணாடி உடையாத போன் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். புயல், மண்சரிவு என்றால் எச்சரிக்கும் அனர்த்தக் குழுவுக்கு ஆள் கேட்டபோது, பதினான்கு வீட்டு வரிசையான லயமே சேர்ந்து அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டது. கொட்டகலையில் இரண்டு நாள் வகுப்பு. பாடம் எடுத்தவர் செந்தூரன் என்ற யாழ்ப்பாணத்து அதிகாரி. படத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அது வெகு உயரத்துக்கு எழும்பிய மேகம், பெருமழை கொட்டும், எழுந்து ஓடு என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் நாள் நாலு மணிக்கு அவள் பையைத் தூக்கினாள்.

“தங்கச்சி, இன்னும் ஒரு பாடம் கிடக்கு. கேட்டிட்டுப் போங்கோ.”

“கடைசி பஸ்ஸு போயிருமுங்க சார். மாடு கறக்கணும்.”

அவர் சிரித்துத் தலையாட்டினார். அவளும் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

லயத்தில் அவளுக்கு ‘மேகத்து டீச்சர்’ என்று பேர் விழுந்தது. துணி காயப் போடலாமா, மிளகாய் காயப் போடலாமா என்று கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தார்கள். புருஷன் சிவசாமி எல்லாரையும்விட மோசம். “நம்ம கூரை ஒழுகுறது ஒன் படத்துல தெரியுதா புள்ள?” என்பான்.

நவம்பர் கடைசியில் புயல் கரையேறிய அன்று பகல், படத்தில் இலங்கையே சிவந்து கிடந்தது. ஜீவராணி கதவு கதவாகத் தட்டினாள். கெஞ்சினாள், கத்தினாள், கெட்ட வார்த்தைகூடப் பேசினாள். பதினான்கு வீட்டு ஆட்களையும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டாள். அன்றைக்கு ஒருவரும் கேலி பேசவில்லை. மாமியார் ராசம்மா மருமகளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் படத்தைத் திறந்தாள். சிவப்பு வடக்கே விலகிப் போயிருந்தது. மலைநாட்டின்மேல் வெறும் சாம்பல் நிறம். ஆனால் பள்ளிக்கூடத்துத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டுதான் இருந்தது, பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாத அளவுக்கு.

“ராணி, மேல போயிட்டு வரவா?” என்றான் சிவசாமி. செவலைப் பசு கன்று போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. “கட்டிப் போட்டுட்டு வந்துட்டோம். மடி கல்லாப் போயிருக்கும். கத்திக்கிட்டுக் கெடக்கும் பாவம்.”

“மழ விடலியேடா” என்றாள் ராசம்மா.

ஜீவராணி தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். “படத்துல ஒண்ணும் இல்ல மாமி. இது சும்மா மிச்ச மழ. வெரசா போயிட்டு வாங்க.”

என்ன புத்தி அது! காதில் இடிக்கிற மழையை விட்டுவிட்டுக் கையகலக் கண்ணாடியை நம்பிய புத்தி! ஆனால் முந்தின நாள் பதினான்கு வீட்டு ஆட்களைப் புயலிலிருந்து காப்பாற்றியதும் அதே படம்தானே. அதை அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்?

சிவசாமி உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். “கறந்து கொண்டாறேன். மொத டீ டீச்சருக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்பது மணிக்கு மலை இறங்கியது. லயம், மாட்டுக் கொட்டில், ஏறிப் போகிற பாதை எல்லாவற்றையும் சேர்த்து மண் மூடிவிட்டது.

மத்தியானம் போன் அடித்தது. செந்தூரன்தான். “தங்கச்சி, சிவப்பு விலகிட்டுது எண்டு ஆரும் வீட்ட திரும்பிப் போகேல்லைத்தானே? மலையோட ஒட்டிக் கிடக்கிற தாழ்ந்த மேகமும் கொட்டித் தள்ளும். அது அந்தப் படத்தில சிவப்பாத் தெரியாது. அண்டைக்குக் கடைசிப் பாடம் அதுதான்.”

அந்தப் பாடம் நடந்த நேரம் அவள் பஸ்ஸில் இருந்தாள்.

மூன்றாம் நாள் ராணுவம் நடந்தே வந்து சேர்ந்தது. “கெதர கோ அக்கே?” என்று ஒரு சிப்பாய் சிங்களத்தில் வீடு எங்கே என்று கேட்டான். எங்கே என்று காட்டுவது? கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மண். அவள் போனில் வரைபடத்தைத் திறந்தாள். எந்த வருஷமோ ஒரு வெயில் நாளில் செய்மதி எடுத்த படம் அதில் இருந்தது. வரிசையாக லயத்துக் கூரை, ஓரத்தில் கொட்டிலின் நீலத் தகரம். அந்த இடத்தைக் கணக்குப் பண்ணித் தோண்டினார்கள். மூன்று நாளில் கிடைத்தது நெளிந்துபோன ஒரு நீலத் தகரம் மட்டும்தான். ஆறாம் நாள் மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

மண்மேட்டின் ஓரத்தில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான்தானே மாமி போகச் சொன்னேன்” என்றாள் ஜீவராணி. அதை அவள் எத்தனை தடவை சொல்லிவிட்டாளோ. ராசம்மா போனைத்தான் எட்டிப் பார்த்தாள்.

“அதுல கொட்டில் இன்னும் இருக்கா?”

“இருக்கு மாமி.”

“பெருசாக்கிப் பாரு புள்ள. வாசல்ல அவன் நிக்கிறானா பாரு.”

ஜீவராணி இரண்டு விரலை வைத்து விரித்தாள். நீலம் பெரிதாகி, கலங்கி, கட்டம் கட்டமாக உடைந்தது.

“இல்ல மாமி.”

“இன்னுங் கொஞ்சம் பெருசாக்கு” என்றாள் ராசம்மா.