எட்டுத் துளி பெற்றோல்

மகேந்திரராசா பனியை வாரி எறியும் தன் ஸ்னோபுளோவரைத் தொடுமுன் செருப்பைக் கழற்றுவதில்லை. அந்த ஒன்றைத் தவிர ஒரு சாமிக்குச் செய்யும் மரியாதை எல்லாம் அதற்குச் செய்துவந்தார். சரஸ்வதி பூசையன்று மூன்று திருநீற்றுக் கோடு இழுத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். முதல் பனி விழும்போது சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்காமல் அது கொட்டிலை விட்டு வெளியே வராது. கோடையில் புல்வெட்டும் மிசினுக்கும், வருடம் முழுவதும் பழைய கொறோல்லாக் காருக்கும் இதே உபசாரம்தான். இந்த மூன்றையும் தன்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது கார்ட்டியர்வில்லில் இருந்த அந்த வீட்டில் அவர் போட்ட சட்டம்.

அவர் மனைவி பாலாம்பிகைக்கு லைசன்ஸ் கிடைத்து இரண்டு வருடமாகியிருந்தது. கார்த் திறப்பு கையில் கிடைத்ததோ கோடையில் மட்டும்தான். அதுவும் ஜான்-டலோன் சந்தை வரைக்கும். பக்கத்தில் அவர் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்தபடி வருவார். பச்சை லைற்றைப் பார்த்து, "மெல்ல, மெல்ல, சிவப்பு வரப்போகுது" என்பார். பனி தொடங்கியதும் திறப்பு அவருடைய காற்சட்டைப் பைக்குள் போய்விடும். பிறகு சித்திரையில்தான் வெளியே வரும். "பனியில ஓட்ட உமக்கு ஏலாதப்பா" என்று அவர் சொல்லும் தொனியில் கோபம் கிடையாது. இரக்கம்தான் இருக்கும். அந்த இரக்கத்தைக் கேட்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2008ஆம் ஆண்டு மாசிக் கடைசியில் செயின்ட்-மிஷேலில் இருந்து யோசெப்பின் தொலைபேசியில் அழைத்தாள். மன்னார்க்காரி. ஒரு சமையல் கூடம் வைத்து கார்டரி என்னும் குழந்தைக் காப்பகங்கள் மூன்றின் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம்.

"உங்களிட்ட கார் இருக்குத்தானே, அக்கா?"

"ஓம்" என்று பாலாம்பிகை சொல்லிவிட்டாள். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் யோசிக்கவில்லை. பத்து வருடம் தைத்த தொழிற்சாலை மூடிப்போய், ஒரு வருடமாக வீட்டுச் சுவரையும் அவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருந்தவள் அவள். அந்த வேலை அவளுக்கு வேண்டும். வேலை தொடங்கும் நாள் மார்ச் பத்தாம் திகதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை.

மகேந்திரராசா மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. அப்போதுதான் குடலிறக்க ஒப்பரேசன் செய்துவிட்டு வந்திருந்தார். தண்ணீர் வாளி கூடத் தூக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. எழுந்து வந்து தடுக்க முடியாத மனுசன் முகத்தைத் திருப்பித்தானே தடுக்க வேண்டும்.

அவருக்குத் துணையாக வானம் வந்தது. சனிக்கிழமை தொடங்கிய பனி ஞாயிறு காலைதான் ஓய்ந்தது. கார், பனிக்கு மறைப்பாகப் போட்ட வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் பத்திரமாக நின்றது. ஆனால் நகரசபையின் பெரிய வண்டி தெருவை வழித்துக்கொண்டு போனபோது, வழித்த அத்தனையையும் இவர்கள் வாசலில் குவித்துவிட்டுப் போயிருந்தது. பாலாம்பிகையின் நெஞ்சளவு உயரம். உப்பும் ஐசும் கலந்து இறுகிய மதில்.

ஜன்னலால் அதைப் பார்த்த மகேந்திரராசாவுக்கு மூன்று நாளில் முதல்தடவையாக வாய் திறந்தது. "நல்லதாப் போச்சு. யோசெப்பினுக்கு ரெலிபோன் எடுத்து, அடுத்த கிழமை வாறன் எண்டு சொல்லும்."

"அதுவரைக்கும் பிள்ளையள் பட்டினி கிடக்குங்களோ?" என்றாள் பாலாம்பிகை. ஆனாலும் எடுத்துக் கேட்டாள். கேட்டது தவறு என்று பேசி முடியுமுன்னே தெரிந்துவிட்டது.

"நாளைக்கு நீங்கள் நிக்கவேணும் அக்கா" என்றாள் யோசெப்பின். "வான் வைச்சிருக்கிற ஒரு ஆள் கேட்டபடி நிக்கிறார். நீங்கள் வராட்டி அவரைத்தான் எடுக்கோணும். கோவியாதேங்கோ."

கோவிக்க அதில் என்ன இருக்கிறது? பாலாம்பிகை சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு, பனி அள்ளும் சவளை எடுத்து மதிலைக் குத்தினாள். அரை மணித்தியாலத்தில் ஒரு பூனை நுழையலாம் போல ஓட்டை விழுந்தது. சவளின் பிடி முறிந்தது. கொட்டிலுக்குப் போய் ஸ்னோபுளோவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஜன்னல் தடதடவென்று அடித்தது. "தொடாதையும்! பழுதாக்கிப் போடுவீர்! நான் அருளம்பலத்தைக் கூப்பிடுறன்!"

அருளம்பலம் இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அந்தப் பக்கத்துத் தமிழ் ஆட்களின் கார் ஒவ்வொன்றிலும் அவருடைய கை பட்டிருக்கிறது. அவற்றில் பாதி, அவர் கை பட்ட பிறகுதான் கராஜுக்குப் போனவை. கூப்பிட்ட உடனே வந்துவிடுவார், அது நல்ல குணம். வந்த பிறகு போகமாட்டார், அதுதான் கரைச்சல்.

அவர் சோக்கை இழுத்தார், ரப்பர் பொத்தானை அமத்தினார், கயிற்றைப் பிடித்து இழுத்தார். மிசின் ஒரு இருமல் கூட இருமவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்று மகேந்திரராசா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சைகை காட்டினார். இன்னும் இழு, இன்னும் பலமாக இழு. நாற்பது தடவைக்கு மேல் இழுத்திருப்பார் அருளம்பலம். தொப்பியைக் கழற்றியபோது தலையிலிருந்து ஆவி பறந்தது.

"சரிவராது அக்கா. பெற்றோலுக்க தண்ணி கலந்திட்டுது. காபரேற்றர் கழட்டவேணும். நாளைக்குப் பின்னேரம் வாறன்." கையைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு தேத்தண்ணி போடுங்கோவன்."

"கேத்தில் அடுப்புக்குப் பக்கத்தில கிடக்குது தம்பி. போட்டுக் குடியுங்கோ. அவருக்கும் ஒண்டு குடுங்கோ."

சொல்லிவிட்டு அவளும் உள்ளே போனாள். மகேந்திரராசாவின் கண் மருந்துக் குப்பியை எடுத்தாள். மூடியைத் திருகி, இருந்த மருந்தைக் குசினித் தொட்டிக்குள் ஊற்றிக் கழுவினாள்.

"ஐயோ, அது என்ர கண் மருந்தெல்லே!"

"நீங்கள் இவ்வளவு நேரமும் பார்த்த பார்வை போதும்."

கொட்டிலில் இருந்த சிவப்புக் கானிலிருந்து குப்பிக்குள் கொஞ்சம் பெற்றோல் எடுத்தாள். ஸ்பனரைப் போட்டு, பொறி தட்டும் பிளக்கைக் கழற்றினாள்.  பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாற்பது தரம் இழுத்த மிசினின் பிளக் பெற்றோலில் நனைந்திருக்க வேண்டும். இது காய்ந்து கிடந்தது. பிளக் இருந்த ஓட்டைக்குள் குப்பியைக் கவிழ்த்து எண்ணி எண்ணி விட்டாள். ஆறு, ஏழு, எட்டு.

தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்த அருளம்பலம் அங்கேயே நின்றுவிட்டார். "அக்கா, வெடிக்கும்!"

"வெடிக்கட்டும். காலமையிலயிருந்து ஒரு சத்தமும் இல்லை."

பிளக்கைப் பூட்டிவிட்டு, காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுவையில் மிசின் உறுமியது. வெள்ளைப் புகை கக்கி மூன்று விநாடி நடுங்கி, பிறகு செத்துப்போனது.

"பார்த்தியளே, நிண்டிட்டுது" என்றார் அருளம்பலம். குரலில் கொஞ்சம் நிம்மதி.

பாலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல் சிரிப்பு. "தம்பி, விட்ட பெற்றோலில பிடிச்சது. அது முடிய நிண்டுது. அப்ப நெருப்பு வருகுது, பெற்றோல்தான் வரேல்லை."

பெற்றோல் ராங்கியிலிருந்து இறங்கும் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள். கீழே, கறுப்பாக, சின்ன விரல் அளவில், பெற்றோலைத் திறந்து மூடும் ஒரு பூட்டு. குறுக்கே திரும்பியிருந்தது. மூடிக் கிடந்தது.

அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். மகேந்திரராசாவின் சைகைக் கை பாதியில் நின்றது. ஒப்பரேசனுக்கு முதல் நாள், மிசின் பழுதாகாமல் இருக்கட்டும் என்று, பெற்றோல் பூட்டை மூடியவர் அவர்தான். மூடியதை அவர் மறந்திருந்தார். இப்போது ஞாபகம் வந்தது. வந்தது முகத்திலேயே தெரிந்தது.

பூட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் விட்டு, கயிற்றை இழுத்தாள். மிசின் பிடித்துக்கொண்டது, பிறகு நிற்கவில்லை.

அடுத்த ஒரு மணித்தியாலம் பாலாம்பிகைக்கு யாருடைய ஞாபகமும் இல்லை. பிடி உள்ளங்கையில் நடுங்கியது. அது தோள்வரைக்கும் ஏறி இனித்தது. மதிலைக் கடித்து, அரைத்து, வாரி எறிந்தது மிசின். முதலில் பனியை எறியும் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று பிடிபடவில்லை. ஒரு வளைவில் அத்தனை பனியும் போய் ஜன்னலில் அடித்து மகேந்திரராசாவை மறைத்தது. அது தவறுதலாக நடந்தது என்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கிழவர் வெளியே வந்து, தன் தொப்பியை உயர்த்தி "பிராவோ, மதாம்!" என்று கத்தினார். அவள் பதிலுக்குக் கையைக் காட்டினாள். அந்த வெடவெடக்கும் குளிரில் அவளுக்கு வேர்த்திருந்தது, சந்தோசமாக இருந்தது.

உள்ளே வந்து கையுறையைக் கழற்றியபோது மகேந்திரராசா கதிரையில் இருந்தார். அருளம்பலம் ஆறிப்போன கோப்பையோடு சுவரோரம் நின்றார்.

"உமக்கு இதெல்லாம் ஆர் காட்டித் தந்தது?" என்று கேட்டார் மகேந்திரராசா.

"ஒருத்தரும் காட்டேல்லை. நீங்கள் இஞ்ச வந்தது எண்பத்தொன்பதில. நான் வந்தது தொண்ணூற்றாறில. இடையில சண்டையெண்டு ஊருக்குப் பெற்றோல் வராமல் மறிச்சுப் போட்டாங்கள். தண்ணி இறைக்கிற மிசினை மண்ணெண்ணெயில ஓட்டினம். ஸ்ராட் பண்ண மட்டும் குப்பியில இருக்கிற பெற்றோல். எட்டுத் துளிக்கு மேல விட ஏலாது, நாளைக்கும் வேணும். உங்கட ஐயா பாரிசவாதத்தில படுக்கை. எங்கட தோட்டத்து வெங்காயத்துக்கெல்லாம் ஆர் தண்ணி இறைச்சது எண்டு நினைச்சியள்?"

"ஐயா ஆள் பிடிச்சுச் செய்விச்சிருப்பார் எண்டு…"

"எந்த ஆள்? ஊரில ஆர் இருந்தவை?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "இஞ்ச வந்த முதல் பனியில நீங்கள் சப்பாத்தில்லாமல் நடந்தது, கோப்பை கழுவினது, ஆறு பேர் ஒரு அறையில படுத்தது, எல்லாம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருசமாச் சொல்லிச்சொல்லி எனக்குப் பாடம். என்ர ஏழு வருசத்தை ஒருநாள் கேட்டனீங்களே?"

"நீர் சொல்லேல்லையே."

"கேட்டாத்தானே சொல்லலாம்."

அருளம்பலம் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். சொல்லாமல் கொள்ளாமல் அவர் ஒரு வீட்டை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் எட்டு மணிக்குப் பாலாம்பிகை வெளிக்கிட்டு வந்தபோது, மகேந்திரராசா தடித்த கோட்டும் தொப்பியும் போட்டு வாசலில் நின்றார். திறப்பு அவருடைய கையில் இருந்தது.

"நானும் வாறன். ஒண்டும் கதைக்கமாட்டன். பக்கத்தில சும்மா இருக்கிறன்."

"இடமில்லை. பின் சீற்றில சோத்துப் பெட்டி வரும். முன் சீற்றில சூப் சட்டி."

"இப்ப சட்டி இல்லைத்தானே. செயின்ட்-மிஷேல் வரைக்கும்…"

அவள் கையை நீட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். தையல் ஊசி ஏறிய தழும்புகளும், நேற்றுக் கயிறு அறுத்த சிவப்புக் கோடும் இருந்த கை. திறப்பை அதில் வைத்தார்.

கார் ஸ்ராட் ஆனதும் அவர் பொறுக்கமாட்டாமல் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் "வாரும், வாரும், இடப்பக்கம் திருப்பும்" என்று காட்டத் தொடங்கினார். பாலாம்பிகை கண்ணாடியை இறக்கினாள்.

"தள்ளி நில்லுங்கோ. நீங்கள் நிக்கிறது எனக்கு மறைக்குது."

மகேந்திரராசா நகர்ந்து, அவள் வெட்டிவிட்ட பனிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். கொறோல்லா எதிலும் முட்டாமல் அவருக்கு முன்னால் பின்வாங்கிப் போய்த் தெருவில் இறங்கியது.

"எத்தினை மணிக்கு வருவீர்?" என்று கத்திக் கேட்டார்.

"வேலை முடிய" என்றாள். கியரை மாற்றினாள்.