காடை இல்லாத இடத்தில் நின்ற புள்ளி

சந்திரமதி யாரையும் லேசில் நம்ப மாட்டாள். பத்து பகாட் ஊரில் மிருக டாக்டரிடம் வேலை பார்ப்பவள் அவள். "இது ஒண்ணுமே திங்கலைங்க" என்று சத்தியம் பண்ணுகிறவர்களின் நாய் வயிற்றிலிருந்து செருப்பு வார் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தவள், பிறகு யாரைத்தான் நம்புவாள்? போன வருடம் நாய்ச் சோதனையில் காடைக் கூண்டுக்குள் கோழி ஈரலைச் செருகி வைத்த ஆளைப் பிடித்ததும் அவள்தான். அதனாலேயே இந்த வருடமும் லாபிஸில் இளம் நாய்களுக்கு நடக்கும் சோதனைக்கு அவளையே நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள்.

சோதனை இதுதான். செம்பனை மறுநடவு செய்த காட்டில் இடுப்பளவு லாலாங் புல். அதற்குள் சின்னக் கம்பிக் கூண்டில் காடையை ஒளித்து வைப்பார்கள். நாய் மோப்பம் பிடித்துப் போய், காடை இருக்கும் பக்கம் மூக்கை நீட்டி, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். குரைக்கக் கூடாது, பாயக் கூடாது. நாய்க்காரர் வந்து கூண்டைத் தூக்கும் வரைக்கும் அப்படியே நிற்க வேண்டும்.

காலையிலிருந்து வந்த நாய்களில் ஒன்று காடையை விட்டுவிட்டு உடும்பைத் துரத்திக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. இன்னொன்று போன வேகத்தில் கூண்டு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. இதெல்லாம் சந்திரமதிக்குச் சந்தோஷம். தப்பு செய்கிற நாய் பொய் சொல்லாது.

கடைசியாக வந்தது புள்ளி. வெள்ளை உடம்பு முழுக்கக் காப்பி நிறப் பொட்டு. பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஹேமநாதன் கூட்டி வந்திருந்தான்.

"இதுதான் கடைசி சான்ஸ்க்கா. அடுத்த வருஷம் இதுக்கு வயசு தாண்டிடும்" என்றான். "தேறலைன்னா வீட்டுல இடமில்லைன்னு என் வீட்டுக்காரி கஸ்தூரி சொல்லிட்டா. குளுவாங்ல ஒருத்தரு தோட்டத்துக் காவலுக்குக் கேக்குறாரு. சங்கிலி போட்டுக் கட்டிடுவாங்க."

"அதெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க. நான் நாயைத்தான் பாக்கணும், உங்க மூஞ்சியை இல்ல" என்றாள் சந்திரமதி.

புள்ளியை அவிழ்த்து விட்டார்கள். இரண்டே சுற்று. மற்ற நாய்கள் மோப்பம் பிடித்த தூரத்துக்கு இரண்டு மடங்கு தள்ளியே அது நின்றுவிட்டது. கால் தூக்கி, வால் விறைத்து, படத்தில் வரைந்த மாதிரி. ஹேமநாதன் போய்ப் புல்லை விலக்கினான். காடை இருந்தது. இடத்தை மாற்றி வைத்தார்கள். மறுபடியும் அதே மாதிரி, எட்டாத தூரத்திலிருந்தே நின்றது.

பார்த்தவர்கள் கைதட்டினார்கள். சந்திரமதி கைதட்டவில்லை. இவ்வளவு தூரத்துக்குக் காடை வாசம் எப்படி வரும்?

காடை ஒளித்து வைக்கிறவன் லோகேஸ்வரன். காலையில் ஒட்டுக்கடையில் அவனும் ஹேமநாதனும் ஒரே மேசையில் தே தாரிக் டீ குடித்ததை அவள் பார்த்திருந்தாள். இப்போது நாய் ஓடும்போதெல்லாம் அவன் வேன் பின்னால் போய் ஒளிகிறான். நடு நடுவே இருமுகிறான். இருமலா, சைகையா?

வேன், காடை கொண்டுவந்த யஹ்யாவுடையது. நாய் மேலே பட்டுவிடக் கூடாது என்று அவர் காலையிலிருந்து வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"பாய், லோகேஸ் இங்க வந்து என்ன பண்றான்?"

"நெழலுக்கு வரான். என் கச்சான் கடலையை எடுத்துத் திங்கிறான். வேற என்னா பண்ணுவான்?"

அவள் நம்பவில்லை. லோகேஸ்வரனைத் தனியாகக் கூப்பிட்டாள். "அந்த மூணாவது செம்பனைக் கன்னுக்குப் பக்கத்துல போய் உக்காந்து, காடை வைக்கிற மாதிரி புல்லை ஒதுக்கிட்டு வா. காடை வைக்காத. யாருகிட்டயும் மூச்சு விடாத."

அவன் அப்படியே செய்துவிட்டு வந்தான். புள்ளியை விட்டார்கள். அது நேராக ஓடி, அந்தக் கன்றைப் பார்த்துக் கால் தூக்கி நின்றது. ஹேமநாதன் புல்லை விலக்கிப் பார்த்தான். வெறும் மண்.

"காடையே இல்லாத எடத்துல உங்க நாய்க்கு என்ன தெரிஞ்சுது?" என்றாள் சந்திரமதி. "லோகேஸ் போன எடத்தை நீங்க பாத்தீங்க. நாய்க்கு வழி காட்டினீங்க."

"அலமாக், நான் வாயே தெறக்கலைக்கா."

"வாயால சொல்லணுமா? லோகேஸ் இருமினா போதாதா?"

"எனக்கு நேத்துலேருந்தே சளிக்கா" என்றான் லோகேஸ்வரன், வேன் பின்னாலிருந்தே பாவமாக இருமிக்கொண்டே.

ஹேமநாதன் புள்ளியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். ஒரு நாயைத் தள்ள வேண்டி வந்தால் சந்திரமதிக்குத் தலைவலி வந்துவிடும். கைப்பையைத் திறந்து தைலப் புட்டியை எடுத்தாள். நெற்றிப் பொட்டில் இரண்டு பக்கமும் தேய்த்தாள்.

புள்ளி வெடுக்கென்று திரும்பியது. மூக்கை நீட்டியது. சந்திரமதிக்கு எதிரே, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அசையாமல் நின்றது.

"இந்தக் காடையை எந்தக் கூண்டுலலா அடைக்கிறது?" என்றார் யஹ்யா வண்டிக்குள்ளிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். சந்திரமதி சிரிக்கவில்லை. இடது பக்கம் நகர்ந்தாள். நாயின் மூக்கும் நகர்ந்தது. விடுவிடுவென்று போய் லோகேஸ்வரன் கையைப் பிடித்து முகர்ந்தாள். விரலெல்லாம் தைலம்.

"சளிக்குத்தான்கா. கொசுவுக்கும் ஆவும்."

"வீட்டுல இதுக்குக் காடை வச்சுப் பழக்குனது யாரு?" என்று ஹேமநாதனைக் கேட்டாள்.

"நான்தான். காடையைப் புடிச்சு வைக்கிறது மட்டும் எங்கம்மா. அவங்களுக்கு முட்டி வலி, எந்நேரமும் தைலம்..." அவன் பாதியில் நிறுத்திவிட்டுப் புள்ளியைப் பார்த்தான். "அப்ப இது ஒரு நாளும் காடையைத் தேடவே இல்லையா?"

அது அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி. லோகேஸ்வரனைக் காற்றில் வாசம் வராத பக்கம் தூரமாக விரட்டினாள். தானும் வாய்க்காலில் முகம் கழுவினாள். புள்ளியை ஹேமநாதன் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு, யஹ்யாவை இறங்கச் சொன்னாள். "நீங்களே வேற கூண்டுல வைங்க பாய். மொதல்ல கையைக் காட்டுங்க."

"என்னையுமா?"

"உங்களையும்தான்."

முகர்ந்தாள். கச்சான் வாசம். சரி.

புள்ளி இந்த முறை நன்றாகத் திணறியது. அங்கே ஓடியது, இங்கே ஓடியது, பழைய கன்றுக்கே போய் நின்று பார்த்தது. ஹேமநாதன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு புல் காற்றில் ஒருமுறை சாய்ந்தது. நாய் தலையைத் தூக்கியது, மெதுவாக நடந்தது, கூண்டுக்கு ரொம்பக் கிட்டே போய் நின்றது. முதுகு கோணல், தூக்கிய கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆனால் ஹேமநாதன் கூண்டைத் தூக்கும் வரைக்கும் பாயவில்லை.

"அழகா நிக்கல" என்றாள் சந்திரமதி. "ஆனா இது காடைக்குத்தான் நின்னுச்சு. மூணாந்தர மார்க்குதான். பாஸ்."

ஹேமநாதன் உடனே கஸ்தூரிக்குப் போன் போட்டான். "பாஸ் ஆயிடுச்சு... நெஜமா... பக்கத்துலதான் இருக்காங்க." போனைச் சந்திரமதியிடம் நீட்டினான். "நம்ப மாட்டேங்குறா. நீங்களே சொல்லுங்கக்கா."

"தேறிடுச்சும்மா. மூணாந்தரம்" என்றாள் சந்திரமதி.

அந்தப் பக்கம் கஸ்தூரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, மறைக்காம சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு என்ன வாங்கிக் குடுத்தாரு?"