அறுபத்திரண்டு படிகள்

முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர், ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போய், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் பதினான்கு மாதமாக முடங்கிக் கிடந்தார். லிஃப்ட் கிடையாது. புதிதாக வந்த சட்டப்படி கருணைக்கொலை கேட்டு அவர் மனுப் போட்ட ஒன்பதாம் நாளே, விசாரிக்க வேண்டிய டாக்டரம்மா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார்.

‘தாங்க முடியாத துன்பம் எது?’ என்ற கேள்விக்கு நேரே ஓட்டுநர் ஒரே வரி எழுதியிருந்தார்: அறுபத்திரண்டு படிகள்.

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். “வலி?”

“அது கெடக்குது, மாத்திரை இருக்கு. எனக்குத் தெருவப் பாக்கணும். கீழ்வீடு கேட்டு வருஷம் ஒண்ணாச்சு, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. சாகணும்னதும் ஓடி வந்துட்டீங்க.”



டாக்டரம்மா அங்கேயே போனை எடுத்து வீட்டுவசதி அலுவலகத்தைப் பிடித்தார். “இவர் சாக நான் கையெழுத்துப் போடணுமா, இல்ல இவர் கீழ வர நீங்க போடறீங்களா?” அவர் போட்ட சத்தத்தில், எதிர்முனையில் இருந்தவரை நினைத்து ஓட்டுநருக்கே பாவமாகிவிட்டது.

அடுத்த மாதமே கீழ்வீடு கிடைத்தது. மனு இன்னும் நிலுவையில் இருந்ததால் டாக்டரம்மா முறைப்படி போன் செய்தார்.

“ஐயா, அந்த மனுவ என்ன செய்யட்டும்?”

ஓட்டுநர் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, பின்னோக்கி வரும் லாரி ஒன்றுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

“அப்புறமா பேசுறேம்மா. இந்த மடையனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியல. நான் மட்டும் இல்லேன்னா செவுத்த இடிச்சிருப்பான்!”