கையில் கட்டிய காவல்

மருத்துவச்சியின் கைப்பேசி காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. கர்ப்பிணிகளின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரி கட்டிவிட்ட பட்டை, நாடி கொஞ்சம் எகிறினாலும் போதும், உடனே அவளிடம் கோள் சொல்லிவிடும். ஒருத்தி மாடிப்படி ஏறியிருப்பாள், இன்னொருத்தி மாமியாரோடு மல்லுக்கு நின்றிருப்பாள். அதற்கெல்லாம் இவள் பதறியடித்து ஃபோன் போட வேண்டும். எப்போதாவது ஒன்று நிஜமாகவே ஆபத்தாக இருந்துவிடுவதால் அணைத்துப் போடவும் மனசு வராது. அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

அன்று பரிசோதனைக்கு வந்தவள் தையல் ஆலையில் வேலை செய்பவள், ஏழு மாதம். கணவன் வெளியே உட்கார்ந்திருந்தான். கதவைச் சாத்தியதும் அவள் கையை நீட்டி, பட்டை தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்லச் சொன்னாள். தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. என்னம்மா விஷயம் என்று கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டாள். பட்டை சொல்வதெல்லாம் அவன் ஃபோனுக்கும் போகிறதாம். ஏன் நிற்கிறாய், ஏன் தூங்கவில்லை என்று நாள் முழுக்கப் பிடுங்கி எடுக்கிறானாம்.

"அவர் கேக்கக் கேக்கத்தான்க்கா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அதைப் பாத்துட்டு மறுபடியும் கேக்கறார்."

கழற்றி எறி என்று சொல்ல மருத்துவச்சிக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் போன தடவை இந்தப் பெண்ணின் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதைக் கையில் ஏந்தியவளும் இதே மருத்துவச்சிதான். பட்டை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கணவனை உள்ளே கூப்பிட்டு, அவன் ஃபோனிலிருந்து பட்டையின் ஆப்பை நீக்கச் சொன்னாள். ராத்திரி எச்சரிக்கைகள் அதுவரை வீட்டாருக்கு மட்டும்தான் போகும். அவற்றையும் தன் எண்ணுக்கே மாற்றிக்கொண்டாள். மிச்சமிருந்த தூக்கத்துக்கும் அன்றோடு முழுக்குப் போட்டாயிற்று.

அவன் முகம் வெளிறிப்போனது.

"அப்ப இவ எப்படி இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இவகிட்டயே கேளுங்க, தம்பி."

பழக்கதோஷத்தில் அவன் பார்வை முதலில் மனைவியின் மணிக்கட்டுக்குத்தான் போனது. பிறகு முகத்தைப் பார்த்தான்.

"உனக்குப் பயமா இருக்கா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். கண் நிரம்பிவிட்டது.

"அதை மட்டும்தான் நீங்க இதுவரைக்கும் கேக்கல."

மருத்துவச்சி கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்து, காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.