ஆமென் வராத மூச்சு

எமல்டா தண்ணீரை விட்டு மேலே வந்தபோது, அவளோடு முங்கிய பெண்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் படகில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். இடையில் அவள் ஒரு தடவைகூடத் தலையை வெளியே காட்டவில்லை. அன்றைக்குக் கடல்பாசி விலை இறங்கியிருந்தது. அதனால் அவள் இடுப்புப் பை பிதுங்க வந்ததைப் பற்றித்தான் முதலில் பேச்சு, மூச்சைப் பற்றி அப்புறம்தான். “ஏ மதினி, கீழ வீடு பாத்துட்டு வாரியா?” என்று பக்கத்து வீட்டுச் சிநேகா கேட்க, படகுக்காரர் முனியசாமியும் சிரித்துவிட்டார்.

பாம்பன் பக்கத்துப் பாசிப் பெண்களுக்கு மூச்சின் அளவு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம். கண்ணாடியை மாட்டி, விரல்களில் துணி சுற்றி முங்கியதும் மனதுக்குள் செபத்தைத் தொடங்கிவிட வேண்டும். பாறையில் பாசியைப் பிய்த்துக்கொண்டே போய், ஆமென் வரும்போது மேலே வந்துவிட வேண்டும். அதற்கு மேலும் ஆசைப்பட்டவளுக்கு மூக்கில் ரத்தம் வரும். எமல்டாவும் கலியாணமாகி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான் முங்கி வந்தாள். ஓர் ஐப்பசியில் அவள் புருஷன் ராயப்பன் தனியாகக் கடலுக்குப் போனான். அவன் வல்லம் மட்டும் கவிழ்ந்தபடி தொண்டிக் கரையில் ஒதுங்கியது. அன்றிலிருந்து செபத்தில் ‘இப்பொழுதும்’ என்ற சொல்லோடு அவள் நாக்கு நின்றுபோயிற்று. அடுத்து வருவது ‘எங்கள் மரண நேரத்திலும்’. அதைத் தன் வாயால் சொன்னால், உயிரோடு எங்கோ கிடப்பவனைத் தானே கொன்றதாக ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. அதனால் ஆமென் வரவில்லை. ஆமென் வராததால் மூச்சும் தீரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சளிகூட இல்லை என்று அனுப்பினார்கள். ராயப்பனுக்கு இறந்தோர் பூசை வைத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அவள் எழுந்து போய் அடுப்பை ஊதினாள். பங்குச் சாமியாரே வீடு தேடி வந்தார். “பாதிச் செபத்தையே எத்தன காலத்துக்கும்மா சொல்லிக்கிட்டு இருப்ப?” என்றார். “பாதிதான் வருது சாமி. வர்றதச் சொல்றேன். அதையும் நிறுத்தச் சொல்லிறாதீக” என்றாள். சாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டு, “அப்ப நிறுத்தாத” என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது. பக்கத்தில் புதுப் பாலம் எழும்பி அதில் ரயில் ஓடத் தொடங்கியது. ராயப்பன் வரவில்லை. சாயங்காலமானால் மாமியார் சூசையம்மா முதல் பாதியைச் சொல்லுவாள், எமல்டா மறுமொழி சொல்லி ‘இப்பொழுதும்’ என்று நிறுத்துவாள். கிழவி செபமாலையின் அடுத்த மணிக்குப் போய்விடுவாள்.

அந்தச் சூசையம்மா படுக்கையில் விழுந்தாள். சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். தெருவே கூடிச் செபமாலை சொன்னது. ஆனால் அவள் மூச்சு மட்டும் தொண்டைக்கும் நெஞ்சுக்குமாக இழுத்துக்கொண்டே கிடந்தது. பால் இறங்கவில்லை, உயிரும் போகவில்லை. முதுகெல்லாம் புண்ணாகிப் புரட்டிப் போடும்போதெல்லாம் கிழவி முனகினாள். “மதினி, கெழவி உசிரு ஒன் வாயில ஆமென் வர்றதத்தான் பாக்குது” என்றாள் சிநேகா. எமல்டா துணியை நனைத்துக் கிழவியின் உதட்டைத் துடைத்தாள். உச்சி வெயிலில் கிழவிக்குக் கொஞ்சம் குரல் வந்தது.

“ஏத்தா, அவனுக்குச் சொல்ல வேணாம். அவன் எனக்கும் மகன்தான. இது எனக்கு. எனக்குச் சொல்லு.”

கிழவியே முதல் பாதியைத் தொடங்கி, வார்த்தை வார்த்தையாக முடித்தாள். எமல்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘இப்பொழுதும்’ வரை வந்து, நின்று, முந்தானையை வாயில் அழுத்தி எடுத்துவிட்டு, மரண நேரத்தையும் சேர்த்துச் சொன்னாள். ஆமெனை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். கிழவியின் மூச்சு அதோடு அடங்கியது.

அடக்கமெல்லாம் முடிந்து மறுபடி முங்கிய அன்று, இனி தனக்கும் எல்லோரையும் போல ஒரு செபத்து மூச்சுதான் என்று நினைத்துக்கொண்டே எமல்டா இறங்கினாள். செபத்தை முழுதாகச் சொன்னாள். ஆமென் வந்தது. மேலே வரக் காலை உதைக்கப் போனவளுக்கு மூச்சு குறையாமல் இருப்பது தெரிந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு, ராயப்பன் பத்திரமாக வர வேண்டும் என்று அடுத்ததைத் தொடங்கினாள். அது முடிந்ததும் அதற்கடுத்ததை.

புதிதாக வரும் பெண்கள் பதறிப்போய்த் தண்ணீரை எட்டிப் பார்ப்பதுண்டு. முனியசாமி இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். “எமல்டா செபத்துல இருக்கு. காத்து மாறினா நங்கூரக் கயித்த ஆட்டுவேன், வந்துரும்” என்பார். காற்று மாறும்போது ஆட்டுவார். அவள் வந்து ஏறுவாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உதடு அசைந்தபடியே பாசியில் ஒட்டிய சிப்பிகளைத் தட்டி உதிர்ப்பாள்.