மருமகனுக்கு ஒரு விசா

விசாத் தாள் கச்சிமுகம்மதுவின் சட்டைப் பையில் இருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சொந்த ஊர் கல்முனைக்குடி வரை எட்டு மணி நேரம். வான் குலுங்கும்போதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பத்தொன்பது வருடம் கட்டாரில் ஒரு பண்டகசாலையில் வேலை. அந்த உழைப்பு ஊரில் கல்லும் சீமெந்துமாக நிமிர்ந்து நின்றது. மூத்த மகள் றுக்ஸானாவுக்கு ஒரு வீடு. இளையவள் றுஸ்னாவுக்கு மாடி வைத்த வீடு. தம்பி றஊபுக்கு ஒரு முச்சக்கர வண்டி. இந்தக் கரையில் கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணப் பேச்சே எழாது.

ஒரே ஒரு குறை. றுக்ஸானாவின் நிக்காஹ்வுக்கு அவர் வரவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுப்பது தகப்பனுடைய உரிமை. வந்து போகிற டிக்கட் காசுக்கு அதே வீட்டுக்கு ஓடு போட்டுவிடலாம் என்று கணக்குப் பார்த்து, அந்த உரிமையைத் தொலைபேசியிலேயே றஊபிடம் கொடுத்துவிட்டார். ஓடு போட்டாயிற்று. மழைக்கு ஒழுகவில்லை. அவர் நெஞ்சுக்குள்தான் எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை, றுஸ்னாவின் நிக்காஹ்வில், அதை விடுவதாக இல்லை. மூன்று மாதமாகக் கட்டார் அறையில் ஒத்திகை. சொல்ல வேண்டிய வாசகத்தைத் தப்பில்லாமல் பாடமாக்கினார். அறைத் தோழன் திருக்கோவில் சசிகரன்தான் மாப்பிள்ளையாகக் கை நீட்டுவான்.

“அண்ணன், இதோட பதினாறு தரம் என்னைக் கட்டிக் குடுத்திட்டீங்க. சீதன வீட்டுச் சாவி எங்க?”

அப்படி வந்தவருக்குச் சொந்த வீட்டில் கை கழுவும் குழாய் எங்கே என்று தெரியவில்லை. எல்லாம் படத்தில் பார்த்ததுதான். மின்விசிறிக்கு எந்தச் சுவிட்ச் என்று படம் சொல்லவில்லை. மனைவி நதீரா பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“இதென்ன, வெளியாக்களுக்குக் குடுக்கிற கோப்பை?”

“இஞ்சருங்க, ஒங்கட கோப்பை எண்டு ஒண்டு இந்த ஊட்டுல எப்ப இரிந்த?” நதீரா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை, நிக்காஹ்வுக்கு முதல் நாள். பகல் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை பர்ஸான் தன் ஆட்களோடு வந்தான். அக்கரைப்பற்றில் ஒரு கடையில் போன் திருத்துகிறவன். கை கழுவி எழும்பிய சபை நடுவில் கச்சிமுகம்மது பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார்.

“மருமகனுக்கு என்ட வகையில ஒரு சாமான். எங்கட கொம்பெனியில வேலை. கலியாணம் முடிஞ்சு நாப்பதாம் நாள் பயணம்.”

 எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பர்ஸான் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். பெண்கள் நின்ற குசினிப் பக்கம் ஒரு பீங்கான் விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. யாரும் கவனிக்கவில்லை.

விருந்தாளிகள் போனதும் றுஸ்னா அவரை மாடிக்குக் கூப்பிட்டாள்.

“வாப்பா, எனக்கு அவர எதுக்குப் புடிச்ச எண்டு உம்மா சொல்லலியா?”

“நல்ல பொடியன் எண்டா.”

“ஒவ்வொரு நாளும் பொழுதுபட மஃரிபுக்கு ஊட்டுக்கு வாற ஆள். அதுக்குத்தான் புடிச்ச.”

கச்சிமுகம்மது சிரித்தார். “புள்ள, போன் கடையில என்ன மிஞ்சும்? ரெண்டு வருசம். மறுகா வந்திருவான்.”

“நீங்களும் ரெண்டு வருசம் எண்டுதானே போன?”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் குரல் உயரவில்லை. கண் கலங்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“எனக்கு டெங்கு வந்து ஆசுபத்திரியில கிடந்த அஞ்சு நாளும் றஊப் சாச்சா வாட்டு வாசல்ல நிண்டார். நீங்களும் அஞ்சு நாளும் போன் எடுத்தீங்க, நான் இல்ல எண்டு சொல்லல்ல. நாளைக்குச் சாச்சா கை புடிக்கட்டும் வாப்பா.”

“அது என்ட ஹக்கு, என்ட உரிமை, மகள்.”

“ஓம். ஒங்கட ஹக்குத்தான். ஆனா நீங்க அவர்ட கையப் புடிச்சா, எனக்குத் தாற மாதிரி இரிக்காது. பிளேனுக்கு ஏத்துற மாதிரித்தான் இரிக்கும்.”

படியில் இறங்கினார். நேரே றஊபின் வண்டியில் ஏறினார். “சாய்ந்தமருதுக்கு விடு, மாப்பிள்ளை ஊட்டுக்கு. அந்தத் தாளத் திருப்பி வாங்கணும்.” வழியில் நடந்ததைச் சொன்னார்.

“காக்கா, நான் கை புடிக்க மாட்டன்,” என்றான் றஊப். “அவள் சின்னப் புள்ள, சொல்லுவா. இத்தன வருசம் நீங்க உழைச்ச உழைப்புக்கு அது ஒண்டாவது மிஞ்சட்டும்.”

பர்ஸான் வாசலிலேயே எதிர்கொண்டான். விசயத்தைக் கேட்டதும் அவன் முகம் வாடியது.

“மாமா, கடை முதலாளிக்கிட்ட மத்தியானமே போன்ல சொல்லிட்டன். வேற ஆளப் போட்டிட்டார். அது கிடக்கட்டும். எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி இரிக்காங்க. ரெண்டு ஊடு கட்டணும். போன் திருத்தி எந்தக் காலத்துல கட்டுற?”

உள்ளே இரண்டு பெண்பிள்ளைகள் அந்தத் தாளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கச்சிமுகம்மது அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருடத்துக்கு முன் நதீராவிடம் அவர் சொன்ன அதே கணக்கு. அன்றைக்கு அவளும் அதைக் கேட்டுத்தான் அவரைப் போக விட்டாள்.

வெறுங்கையோடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடம் நிரம்பியது. மௌலவி பதிவுப் புத்தகத்தை விரித்தார். “பொண்ணுக்குப் பொறுப்பான வலி ஆரு? வாப்பா இரிக்காரெல்லோ, முன்னுக்கு வாங்க.”

கச்சிமுகம்மது போய் உட்கார்ந்தார். எதிரே பர்ஸான் வலது கையை நீட்டினான். பாடமாக்கிய வாசகம் ஒரு எழுத்துப் பிசகாமல் நாக்கு நுனியில் நின்றது. ஒரு அங்குலம். கையை நீட்டினால் போதும். மகளே சொன்னாலும் இந்த உரிமையை அவரிடமிருந்து ஒருவரும் பறிக்க முடியாது.

அவர் கை மடியை விட்டு எழும்பவில்லை.

“என்ட மகள் றுஸ்னாவ நிக்காஹ் செஞ்சு குடுக்கிறதுக்கு என்ட தம்பி றஊபுக்கு நான் பொறுப்புத் தாறன்.”

“காக்கா...” றஊப் மெல்லிய குரலில் தடுத்தான்.

“வாடா. போன்ல சொன்னப்ப கேட்டாய்தானே. இப்ப நேர்ல சொல்றன்.”

எழும்பி இடம்விட்டார். றஊப் கை பிடித்தான். வாசகத்தில் இரண்டு இடத்தில் தடுக்கினான், மௌலவி எடுத்துக்கொடுத்தார். கச்சிமுகம்மதுவின் உதடுகள் சத்தமில்லாமல் அதைத் தடுக்காமல் சொல்லி முடித்தன.

திரைக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. றுஸ்னாவா, றுக்ஸானாவா, அவர்களுடைய உம்மாவா? அவருக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. மூவரின் அழுகையையும் அவர் போனில்தான் கேட்டிருக்கிறார்.

புது மாப்பிள்ளை ஸலாம் சொல்ல வந்தான். அத்தர் மணத்தது. காதோடு குனிந்தான்.

“மாமா, அங்க குளிருமாமே? கம்பளி எடுக்கணுமா?”

கச்சிமுகம்மது அவன் கையைப் பிடித்தார். இப்போதுதான் முதல் தடவையாகப் பிடிக்கிறார்.

“ஓம் மனே,” என்றார். “டிசம்பர்ல குளிரும். எடுத்துக்க.”