ஆர்டித்துக்கு ஏற்ற துப்பாக்கி

ஹாகன் வீட்டு ஆண்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நூறு கஜத்துக்கு அப்பால் ஆணியடித்த காகிதத் தட்டில் மூன்று குண்டும் பட்டால்தான் எல்க் மான் வேட்டை முகாமுக்கு வரலாம். படாதவர்கள் வீட்டிலிருந்து நாய்க்குச் சோறு வைக்கலாம். ராய்ஸ் ஹாகனைக் கட்டிக்கொண்டு வயோமிங்குக்கு வந்த நாளிலிருந்து ஆர்டித் நாய்க்குத்தான் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அலுத்துவிட்டது, நாய்க்கும் அலுத்துவிட்டது. இந்த அக்டோபரில் எப்படியும் மலையேறிவிடுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

ராய்ஸ் பாசக்காரன். பாசம் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் வரும். பெண்டாட்டிக்கென்று கடையிலேயே எடை குறைந்த துப்பாக்கியாகப் பார்த்து வாங்கி வந்தான். ஆனால் தோட்டா மட்டும் தன்னுடையதைப் போலவே மருந்து கூடுதலாக அடைத்த பெரிய மேக்னம். துப்பாக்கி லேசானால், சுடும்போது தோளில் விழும் உதையும் லேசாகிவிடும் என்பது அவன் கணக்கு. எடை குறையக் குறைய உதை கூடும் என்பதை, சுட்டுப் பழகப் போன இடத்தில் ஆர்டித்தின் தோளெலும்புதான் முதலில் தெரிந்துகொண்டது. இரண்டாவது குண்டுக்கு, மேலிருந்த குறிபார்க்கும் ஸ்கோப் பின்னால் பாய்ந்து வந்து புருவத்தில் பிறை கீறிவிட்டது. தட்டோ புத்தம் புதிதாகத் தொங்கியது, எடுத்து அதில் கேக் வைத்துச் சாப்பிடலாம்.

கூட வந்திருந்த ராய்ஸின் தம்பி டெல் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணி சுடறப்போ மானுக்குப் பக்கத்துல நிக்கறதுதான் பத்திரம்."

ராய்ஸ் சிரிக்கவில்லை, பாடம் நடத்தினான். உதை வருவதற்கு முன்னாலேயே அவள் உடம்பு பதறுகிறதாம், கண்ணை மூடிக்கொள்கிறாளாம். அதை நிரூபிக்க அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்யும் சோதனையைச் செய்தான். முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டா போடுவதுபோல் பாவனை காட்டிவிட்டுக் காலித் துப்பாக்கியை நீட்டினான். அவள் விசையை அழுத்த, வெறும் டிக் சத்தம்தான் வந்தது. உதையே இல்லை, குழலோ ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிள்ளைகளை மேய்க்கிறவள், ஒரு பக்கத்தை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டாள்.

"உன்னோடதைக் குடு. நான் தோட்டா போட்டுத் தரேன், நீ சுடு."

"எனக்கு எதுக்கு? நான் மீசை முளைக்கறதுக்கு முன்னாலேருந்து சுடறேன்."

"அப்புறம் என்ன பயம்?"

தம்பி எதிரில் பின்வாங்க முடியுமா? ராய்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து, மூச்சை அடக்கி விசையை அழுத்தினான். டிக். அதற்கு அந்த ஆறடி உடம்பு போட்ட குதியைச் சொல்லி மாளாது. கண்கள் இறுக மூடின, தோள் காதுவரை ஏறியது, முழங்கால் பலகையில் இடித்துக் காபிக் குடுவை கவிழ்ந்தது.

குறி தப்பியதற்கு ராய்ஸ் வருடா வருடம் சொன்ன கதைகள் ஆர்டித்துக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. சுடும் நேரம் பார்த்துத் திரும்பிக்கொண்ட மான், எங்கிருந்தோ வந்த காற்று. பாவம் அந்தக் காற்று, எவ்வளவு பழி சுமந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, புருஷனைப் பார்க்க இரக்கமாகவும் இருந்தது. நீயும் ஒரு தடவை சுடுகிறாயா என்று டெல்லைக் கேட்டாள். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்பது டெல்லுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மத்தியானமே புருஷனும் பெண்டாட்டியும் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரி வெல்டா வேறொன்றை எடுத்து வைத்தாள். தோட்டா சின்னது, குழல் கனமானது, தோள் படும் இடத்தில் தடித்த ரப்பர். கிட்டப் போய், இடம் பார்த்துச் சுட்டால் எல்க்குக்கு இது தாராளம் என்றாள். கடைக்குப் பின்னாலிருந்த திடலில் ஆர்டித் மூன்று குண்டு சுட்டாள். யாரோ தோளைத் தட்டிக் கொடுத்ததுபோல் இருந்தது. மூன்றும் தட்டிலேயே பட்டன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கட்டையின் நீளத்தை ஆளுக்குத் தக்கபடி சரிசெய்து தருவதாகச் சொல்லி வெல்டா அளவுநாடாவை எடுத்தாள். ராய்ஸ் முந்திக்கொண்டு தன் கையை நீட்டினான்.

"துப்பாக்கி அவங்களுக்குத்தானே?" என்றாள் வெல்டா.

"அவளுக்குத்தான். ஆனா என் கை அளவுக்கே இருக்கட்டும். அவ எட்டிப் பிடிச்சுக்குவா."

ஆர்டித் அவனைப் பார்த்தாள். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

"ரெண்டா குடு வெல்டா. ஒண்ணு என் அளவு, ஒண்ணு அவன் அளவு. முகாம்ல யாராவது கேட்டா ரெண்டும் என்னுதுன்னு சொல்லிக்கறேன்."

ராய்ஸ் நீட்டிய கையை மடக்காமல் அளவுநாடாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.